சாமியைச் சாட்சிக்குக் கூப்பிடாத மண்டோர்

"சாமிய ஏன் இழுக்குற? அவரு வந்து உங்கூட கத்தரி புடிச்சாரா?"

எங்கள் கேங்கில் யாராவது வாய் தவறி "முனியாண்டி மேல சத்தியமா" என்று ஆரம்பித்தால் போதும், மண்டோர் அக்காவிடமிருந்து இந்தக் கேள்வி பாய்ந்து வரும். மண்டோர் என்றால் தேயிலைத் தோட்டத்தில் ஒரு கேங்கை, அதாவது ஒரு கூட்டம் தொழிலாளிகளை, நடத்துபவர். எங்கள் தாத்தாக்கள் காலத்தில் கங்காணி என்றார்கள். பெயர் மாறியதே தவிர வசவு மாறவில்லை. அக்காவின் கழுத்தில் ஒரு விசில் தொங்கும். நெற்றியில் விபூதி மூன்று விரல் அகலத்துக்கு இருக்கும். இரண்டையும் பார்த்தால் நாங்கள் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்ப்போம்.

நான் இப்போது எங்கள் மலையில் தோட்டத்துக்குப் பக்கத்து டவுனான தானா ராத்தாவில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தோசைக்கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் அக்காவின் கேங்கில் கொழுந்து வெட்டினேன். அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "என்னைய ஏன்டி பேப்பர்ல இழுக்குற?" என்று கடைக்கே வந்து நிற்பாள், தோசை சுடவிடமாட்டாள்.

கொழுந்து வெட்டும் கத்தரி பெரிது. அதன் ஒரு பக்கத்தில் தட்டு இருக்கும். வெட்டிய கொழுந்து தட்டில் விழ, அதை முதுகுக்குப் பின்னால் இருக்கும் பையில் வீச வேண்டும். கை அசந்தால் கத்தரி கீழே இறங்கிவிடும், முற்றின இலையும் குச்சியும் சேர்ந்து வந்துவிடும். பைக்குக் கனம் கூடும், செடிக்குச் சீக்கு வரும். ஒரு தடவை ஒரு வரிசைச் செடிகள் மொட்டையாகக் கிடந்தன. பக்கத்து வரிசையில் நான் நின்றிருந்தேன்.

"நீதான?" என்றாள் அக்கா.

"முனியாண்டி சத்தியமா நான் இல்லக்கா."

"முனியாண்டிய வுடு. வா, செடிய பாப்போம்."

மேட்டில் என்னை இழுத்துக்கொண்டு போய், செடி செடியாகக் குனிந்து பார்த்தாள். நான் வெட்டிய வரிசை எங்கே முடிகிறது, மொட்டை எங்கே ஆரம்பிக்கிறது என்று கையால் தடவிப் பார்த்தாள். எனக்குக் கோபமான கோபம். சாமி பேரைச் சொல்லியும் நம்பாதவளை என்ன சொல்வது? கடைசியில் நிமிர்ந்து, "நீ இல்ல. போ" என்றாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயில் ஏறாது. அன்றைக்குச் சாயங்காலம் என் பையை அவளே தூக்கி லோரியில் போட்டாள். அதுதான் அவள் பாஷையில் மன்னிப்பு என்று எனக்கு வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு அக்காவை நாத்திகக்காரி என்று நினைத்தீர்களானால், அதைவிடத் தப்பு வேறில்லை. எங்கள் தோட்டத்தில் அவளைப்போல் பக்தி உள்ளவர்களை நான் கண்டதில்லை. என் பக்தி தேவைக்குத் தகுந்தபடி ஏறும், இறங்கும். பிள்ளைக்குப் பரீட்சை என்றால் ஏறும். அக்காவின் பக்தி மழையானாலும் வெயிலானாலும் ஒரே அளவு.

தோட்டத்தை நம்பர் போட்டுப் பிரித்த துண்டுகளைக் காடு என்போம். ஏழாம் காட்டின் ஓரத்தில், ஒரு மரத்தடியில், முனியாண்டி இருந்தார். ஒரு கல், ஒரு சூலம், அதைச் சுற்றி வேண்டுதல்காரர்கள் மூங்கில் குச்சியில் கட்டி நட்ட சிவப்புக் கொடிகள். அந்தப் பக்கம் வேலை இருக்கிற நாட்களில் நாங்கள் போவதற்கு முன்பே அக்கா அங்கே இருப்பாள். ரப்பர் பூட்சைக் கழற்றி வைத்துவிட்டு, ஈரமண்ணில் வெறுங்காலோடு நிற்பாள். அந்தக் குளிரில் நாங்கள் இரண்டு சட்டை போட்டும் நடுங்கிக்கொண்டிருப்போம். கல்லுக்குச் சந்தனம், சூலத்துக்குச் சந்தனம், ஒவ்வொரு கொடிக்கும் சந்தனம், குங்குமம், ஒரு பூ. அப்புறம் சூடம். அப்புறம் வரிசையாக எங்கள் நெற்றியில் விபூதி. அதன் பிறகுதான் விசில்.

சாமியோடு அவள் பேசுவதைக் கேட்க வேண்டும். வேண்டுதல் மாதிரியே இருக்காது, கணக்குக் கேட்கிற மாதிரி இருக்கும்.

"நாலு நாளா வுடாம மழ. கொழுந்து முத்திப்போவுது. என்னா பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்குற நீ?"

முனியாண்டி பதில் சொல்ல மாட்டார். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்போம். அவள் திரும்பிப் பார்த்தால் செத்தோம்.

தைப்பூசத்துக்கு அவள் பால்குடம் எடுப்பாள். அதற்கு முன்னால் ஒருவேளைச் சோறுதான். ஒரு வருஷம் அவளோடு சேர்ந்து விரதம் இருந்த இன்னொருத்தி, பத்து மணிக்கே கத்தரியைக் கீழே போட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்துவிட்டாள். "விரதம்க்கா, முடியல" என்றாள்.

"விரதம் வாய்க்கு. கைக்கு இல்ல" என்றாள் அக்கா. பாவம், அந்தப் பெண் கண்கலங்கி எழுந்தாள். எழுந்தவளின் முகத்தை அக்கா ஒரு கணம் பார்த்தாள். அவளை மறுபடி உட்கார வைத்து, மிச்ச வரிசையைத் தானே வெட்டி அந்தப் பெண்ணின் பையில் போட்டாள். அக்காவும் வெறும் வயிற்றோடுதான் இருந்தாள். வாய் மட்டும் ஓயவில்லை. "முடியலன்னா முடியலன்னு சொல்லு. விரதத்து மேல ஏன் பழி போடுற?" என்று வெட்டிக்கொண்டே திட்டினாள்.

எங்கள் தோட்டத்துக் கோவில் திருவிழாவில் ஒருமுறை வெளியூர்ப் பூசாரி நேரம் கழித்து வந்தார். ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெயிலில் காத்திருந்தார்கள். பூசாரி காரிலிருந்து இறங்கி, சாவகாசமாகச் சால்வையைச் சரிசெய்தார். கூட்டத்தில் இருந்து ஒரு விசில் சத்தம். பூசாரி திடுக்கிட்டுத் திரும்பினார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கழுத்தில் தாலியோடு விசிலும் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள் அக்கா.

"சாமி வேலையா இருந்தா என்னா, தேயில வேலையா இருந்தா என்னா? நேரத்துக்கு வரணும் லா" என்றாள்.

அவளுடைய வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு கோவிலுக்குப் பின்னால் போய்விட்டார். அந்தப் பூசாரி அதற்கப்புறம் எங்கள் தோட்டத்துக்குத் தாமதமாக வந்ததில்லை.

சனி ஞாயிறுகளில் டூரிஸ்ட்டுகள் வந்து முனியாண்டியையும் எங்களையும் சேர்த்துப் படம் எடுப்பார்கள். ஒரு கைடு பையன், "இந்தச் சாமிதான் தேயிலைச் செடிகளைக் காப்பாத்துது" என்று அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். அக்கா வரிசையிலிருந்து தலையைத் தூக்கினாள். "தம்பி, செடிய நாங்க பாத்துக்குறோம். அவரு எங்கள பாத்துக்குறாரு. சரியா சொல்லு" என்றாள். அந்தப் பையன் அதை எப்படி மொழிபெயர்த்தானோ, டூரிஸ்ட்டுகள் எல்லோரும் கைதட்டினார்கள்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் அந்தச் சோதனை வந்தது.

எங்கள் கேங்கில் மருந்தடிக்கப் புதிதாக ஒருவன் சேர்ந்திருந்தான். பங்களாதேஷ்காரன். முப்பதைத் தாண்டியவன், ஊரில் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். வந்த சில மாதங்களிலேயே எங்களிடம் தமிழ் பொறுக்கிக்கொண்டான், இடையிடையே மலாய் கலந்து பேசுவான். எல்லோருக்கும் அவன் தம்பிதான். காலையில் நாங்கள் முனியாண்டியைக் கும்பிடும்போது கொஞ்சம் தள்ளி, மருந்து டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து நிற்பான். மரியாதை தெரிந்தவன்.

மருந்தடித்த காட்டில் சில நாளைக்குக் கத்தரி வைக்கக்கூடாது. அதற்கு அடையாளமாக, மருந்தடித்தவர் மூங்கில் குச்சியில் சிவப்புத் துணி கட்டி நட்டுவிட்டுப் போக வேண்டும். எப்போதும் காட்டு வேலைக் கணக்கைப் பார்க்கும் காட்டுக்கிராணியும் எங்களிடம் வாயால் சொல்லிவிடுவார். அந்த வாரம் அவர் மகள் கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தார். கொடி ஒன்றுதான் எங்களுக்குச் சேதி.

அன்று ஏழாம் காட்டில் பனிமூட்டம். தம்பி வேறு காட்டுக்கு மருந்தடிக்கப் போயிருந்தான். வழக்கம்போல் கும்பிட்டோம், விபூதி பூசிக்கொண்டோம், அக்கா விசில் ஊதினாள், வெட்டினோம். லோரி ரோட்டோரத்தில், கொடி வழக்கமாக நிற்கும் இடத்தில், ஒன்றும் இல்லை. மத்தியானம் இரண்டு பெண்களுக்குக் கை அரித்தது. சாயங்காலம் பேக்டரியிலிருந்து ஆள் ஓடிவந்தான். ஏழாம் காட்டில் முந்தின நாள்தான் மருந்தடித்திருக்கிறது. அதற்குள் எங்கள் கொழுந்து மற்ற கேங்குகளின் கொழுந்தோடு வாட்டுகிற தொட்டியில் கலந்துவிட்டது. அன்றைய கொழுந்து முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலை பிரிப்பதற்காக நாங்கள் வரிசையில் நின்றபோது, துரையே வந்துவிட்டார். எங்கள் மேனேஜர் நம்ம தமிழர்தான். ஆனாலும் பழக்க தோஷம், துரை என்றுதான் சொல்வோம். அவர் முகத்தில் தூக்கமே இல்லை.

"கொடி நட்டியா, இல்லையா?" என்று தம்பியைக் கேட்டார்.

"நட்டேன் தொரை. பெத்துல், நெசமா நட்டேன். சாமி பக்கத்துல நட்டேன்."

கேங்கே கொதித்துவிட்டது. எங்களில் மூத்தவர் ஒருவர், கோவில் கமிட்டியில் இருந்ததால் கமிட்டி மாமா என்போம், அவர் முன்னால் வந்தார்.

"சாமி பக்கத்துல இருக்குறது பூரா சாமி கொடி தொரை. பூ வச்சி, சந்தனம் வச்சி நாங்க கும்புடுறது. இவன் வேலைய செய்யாம வுட்டுட்டு, நம்ம சாமி பின்னால ஒளியுறான்."

துரை பெருமூச்சு விட்டார். "இவனோட வேலை பெர்மிட் இந்த மாசம் புதுப்பிக்கணும். கொடி நடலைன்னா நான் எந்த முகத்த வச்சிக்கிட்டுக் கையெழுத்துப் போடுறது? மத்தியானத்துக்குள்ள எனக்கு உண்மை தெரியணும். இல்லைன்னா ஊருக்கு அனுப்பிடுவேன்."

தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. அவன் இங்கே வருவதற்கு விற்ற நிலத்தைப் பற்றி எங்களிடம் சொல்லியிருக்கிறான்.

துரை போனதும் கமிட்டி மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "எதுக்குப் பேச்சு? எல்லாரும் முனியாண்டி முன்னாடி போவோம். உள்ளங்கையில சூடத்தக் கொளுத்தி அணைச்சிச் சத்தியம் பண்ணுவோம். நாங்க பண்றோம், கொடி இல்லன்னு. நீ பண்ணு, கொடி நட்டேன்னு. பொய் சொன்னவன முனியாண்டி பாத்துக்குவாரு."

தோட்டத்தில் இப்படிச் சூடம் அணைத்துத் தீர்ந்த வழக்குகள் நிறைய. பொய்ச் சத்தியம் செய்ய யாருக்கும் துணிச்சல் வராது. எங்களுக்குப் பயமே இல்லை, கொடியை நாங்கள் பார்க்கவில்லை என்பது உண்மைதானே? எல்லோரும் சரி சரி என்றோம். நானும்தான்.

தம்பி கைகளைப் பிசைந்தான். "நான் அல்லா மேல சொல்றேன். அங்க சூடம் செய்ய முடியாது. என் ஆகாமாவுல அது இல்ல."

"பாத்தியா? மதத்தச் சாக்குச் சொல்றான். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது" என்றார் கமிட்டி மாமா.

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். இவ்வளவு நேரமும் அவள் வாயைத் திறக்கவில்லை. அது அவள் குணமே இல்லை.

"நானும் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றாள்.

"என்னா லா அக்கா?" என்று நானே கத்திவிட்டேன். "கொடி இல்லன்னு நீயுந்தான பாத்த?"

"ரோட்டோரத்துல பாத்தேன். இல்ல. சாமி எடத்துல நின்னேன், கும்புட்டேன். பாத்தனான்னு கேட்டா எனக்குத் தெரியல."

"தெனம் அங்கதானம்மா நிக்கிற!" என்றார் கமிட்டி மாமா.

"நிக்கிறது வேற, பாக்குறது வேற. எனக்குத் தெரியாததுக்கு அவரு முன்னாடி போயி நான் எப்புடிச் சத்தியம் பண்ணுவேன்? பாத்துட்டு வருவோம், வா." விசிலைக் கூட ஊதவில்லை. விறுவிறுவென்று ஏழாம் காட்டுக்கு நடந்தாள். நாங்கள் பின்னால் ஓடினோம்.

முனியாண்டி எப்போதும்போல இருந்தார். சூலம், கல், கொடிகள். எல்லாக் கொடியிலும் முந்தின நாள் சந்தனமும் வாடின பூவும் இருந்தன. கமிட்டி மாமா வெற்றிப் பார்வை பார்த்தார். அக்கா பூட்சைக் கழற்றினாள். ஒவ்வொரு கொடியாகப் பூவை எடுத்தாள். முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தாள். முதல் கொடி, பழைய துணி. இரண்டாவதும் பழசு. ஓரமாக நின்ற கொடிக்கு வந்தாள். துணி புதுசு. சந்தனத்துக்கு அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. தேய்த்தாள். போகவில்லை. இன்னும் தேய்த்தாள். வெள்ளைச் சாயத்தில் எழுதின ஏழு.

ஸ்டோரில் கொடி கொடுக்கும்போது காட்டு நம்பரை வெள்ளைச் சாயத்தில் எழுதித்தான் கொடுப்பார்கள்.

அக்கா அந்தக் கொடியைப் பிடித்தபடி நின்றாள்.

"பனியா இருந்திச்சி," என்றாள் மெதுவாக. "புதுக் கொடியா இருக்கே, யாரோ நேந்துக்கிட்டு நட்டுருக்காங்கன்னு சந்தோசப்பட்டேன். இந்த வெள்ளைய விபூதின்னு நெனச்சேன். அது மேல சந்தனம் வச்சேன். நாந்தான் வச்சேன்."

முந்தின நாள் காலை அந்தக் கொடிக்கு முன்னால்தான் நாங்கள் எல்லோரும் கைகூப்பி நின்றோம். இன்னும் சிறிது நேரத்தில், அதே கொடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கொடியே இல்லை என்று சூடத்தை அணைத்திருப்போம். மனதறிய ஒருவரும் பொய் சொல்லியிருக்க மாட்டோம். ஆனாலும் ஒரு குடும்பத்தின் வயிற்றில் அடித்திருப்போம்.

"ஏன் தம்பி இங்க நட்ட? ரோட்டோரத்துலதான நடணும்?" என்று கேட்டேன்.

"ரோட்டுல யாரும் பாக்க மாட்டாங்க அக்கா. அங்க லோரி பாக்குறாங்க, போன் பாக்குறாங்க. இங்க எல்லாரும் வந்து நிக்கிறாங்க. இங்க போட்டா கண்டிப்பா பாப்பாங்க."

அக்கா முனியாண்டி பக்கம் திரும்பினாள். "நீயாச்சும் சொல்லக்கூடாதா?" என்றாள். அவ்வளவுதான். அவள் கண்ணில் தண்ணீரை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கமிட்டி மாமாவுக்கு அதற்குள் மனம் திரும்பிவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முனியாண்டி கண்ணத் தொறந்துட்டாரு பாத்தீங்களா! பையனக் காப்பாத்திட்டாரு!"

"மாமா, சும்மா இருங்க. சந்தனத்தத் தொடச்சோம், தெரிஞ்சிச்சி. அவரு தலையில நல்லதையும் கட்டாதீங்க, கெட்டதையும் கட்டாதீங்க" என்று அக்கா சீறினாள்.

கொடியைப் பிடுங்கிக்கொண்டு நேரே ஆபீசுக்கு நடந்தாள். சாட்சிக்கு என்னைக் கூட்டிப்போனாள். தம்பியும் கூடவே வந்தான். துரை எல்லாவற்றையும் கேட்டார். கொடியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு அக்காவின் மேல் மதிப்பு உண்டு. அவளைப்போல் ஒரு மண்டோர் கிடைப்பது லேசில்லை என்று அவருக்குத் தெரியும்.

"சரிம்மா. கொடி நட்டான், தெரிஞ்சிபோச்சு. பனியில யாருக்கும் தெரியலன்னு மேலே சொல்லிடுறேன். சந்தனம் வச்ச கதையெல்லாம் எதுக்கு? மண்டோரே மறைச்சிட்டாங்கன்னு மேலே சேதி போனா நான் உங்கள மண்டோரா வச்சிருக்க முடியாது. இது இந்த ரூமோட போகட்டும். யாருக்கும் தெரியாது."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. தலையாட்டு அக்கா, தலையாட்டு என்று மனதுக்குள் கெஞ்சினேன். மண்டோர் வேலை அவளுக்கு வெறும் வேலை அல்ல. அந்த விசிலைத் தூங்கும்போதுகூடக் கழற்றமாட்டாள் என்று அவள் வீட்டுக்காரரே சொல்லிச் சிரிப்பார். அம்மாவும் பாட்டியும் கூன் விழும்வரை கூடை சுமந்த குடும்பத்தில் முதல் முதலாக விசில் வாங்கியவள்.

"பனின்னு சொன்னா, இவன் தப்பான எடத்துல நட்டதாலதான்னு ஆவும் தொரை" என்றாள்.

"அதுவும் பாதி உண்மைதானே?"

"இவன் நம்ம கண்ண நம்பி நட்டான். நாந்தான் மறைச்சேன். அவன் சாமிக்கும் தெரிஞ்சிபோச்சி, என் சாமிக்கும் தெரிஞ்சிபோச்சி. கேங்கு பூராவுக்கும் தெரியும். மேல இருக்குற ஆபீசுக்கு மட்டும் தெரியாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். துரை அதை எடுக்கவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. தம்பிக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் மேசைமேல் விசிலைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "அக்கா, வேணாம் லா, வேணாம்" என்றான். "நீ சும்மா இரு தம்பி, ஒம் பெர்மிட்டப் பாரு" என்று அவனையும் அதட்டினாள்.

பெர்மிட் புதுப்பிக்கப்பட்டது. விசில் அக்காவிடம் திரும்பி வருவதற்குப் பல மாதங்கள் ஆயின. துரைதான் கூப்பிட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகும் அவள் திட்டுக்குக் குறைவில்லை, சத்தியம் என்று யாரும் வாயைத் திறக்கவும் முடியவில்லை. ஆனால் எனக்கு அவள் நினைவு வரும்போதெல்லாம் முதலில் வருவது, மருந்துக் கெடு முடிந்து, விசில் இல்லாமல் அவள் ஏழாம் காட்டுக்கு வந்த முதல் காலைதான்.

வேறு கேங்கிலிருந்து ஒருவரைப் புது மண்டோராகப் போட்டிருந்தார்கள். நல்ல மனிதர். முனியாண்டி முன்னால் என்ன செய்வது என்று தெரியாமல் ஒதுங்கி நின்றார். அக்கா எங்களைப்போல் முதுகில் பையும் கையில் கத்தரியுமாக வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எங்களுக்குத்தான் கூச்சமாக இருந்தது. அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை. பையை இறக்கி வைத்தாள். பூட்சைக் கழற்றப் போனவள் நிறுத்திக்கொண்டாள்.

"மொதல்ல காட்டச் சுத்திப் பாத்துட்டு வருவோம். பெறகு கும்புடலாம்" என்றாள்.

புது மண்டோர் தலையாட்டினார். ஏழாம் காட்டுக்கு வேலை வந்த ஒவ்வொரு நாளும் கும்பிட்டுவிட்டுக் காட்டில் இறங்கியவர்கள் நாங்கள். அன்றைக்கு முதல் தடவையாகப் பார்த்துவிட்டுக் கும்பிட வந்தோம். கமிட்டி மாமா முணுமுணுத்துக்கொண்டே வந்தார், ஆனாலும் வந்தார். ரோட்டோரம், மேட்டோரம், ஓடையோரம் எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பினோம். பனி கொஞ்சம் விலகியிருந்தது. அக்கா வெறுங்காலோடு நின்று சந்தனம் வைத்தாள், சூடம் கொளுத்தினாள். வரிசையாக எங்கள் நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு வந்தாள்.

கடைசியில் தம்பி நின்றான். எப்போதும்போலத் தள்ளி நிற்கவில்லை, வரிசையிலேயே நின்றுவிட்டான். அக்காவின் கை விபூதித் தட்டோடு அவன் முன்னால் வந்து நின்றது. அவன் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தான். வாங்கிக்கொள்ளவும் முடியாது, அவளுக்கு வேண்டாம் என்று சொல்லவும் அன்றைக்கு அவனால் முடியாது.

அக்கா தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"தொழுதாச்சா தம்பி?"

"ஆச்சு அக்கா. காலையிலேயே தொழுதாச்சு."

"அப்ப வா, வேலைக்குப் போலாம்."